அத்தியாயம் 6: நெட்வொர்க் தின்னும் சிபியு

வி.எம். ஒன்றில் நெட்வொர்க் மந்தம் என்று புகார் வந்தால் முதலில் ஸ்விட்சைப் பார்ப்பார்கள், பிறகு கேபிளை, பிறகு போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று. எதிலும் குறை தெரியாது. கடைசியில் யாராவது ஒருவர், "இன்னும் நாலு கோர் சேர்த்துக் குடுத்துப் பாருங்க" என்பார். சேர்த்ததும் சில சமயம் சரியாகிவிடும். சில சமயம் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடும்.

இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வி.எம்.முக்குள் தெரியும் நெட்வொர்க் கார்டும் ஒரு மென்பொருள்தான். அது ஓடவும் சிபியு வேண்டும். எத்தனை கோர் என்று ஒதுக்கீட்டுத் தாளில் எழுதியிருப்பதைவிட, அந்த கோர் எப்போது கிடைக்கிறது, எந்த இழைக்குக் கிடைக்கிறது என்பவைதான் வேகத்தை முடிவுசெய்கின்றன.

பாக்கெட் வரும் வழி

லினக்ஸ் ஹோஸ்டில் கேவிஎம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் உண்மையான கார்டுக்கு வந்ததும் ஹோஸ்டின் ஏதோ ஒரு கோர் அதற்கான இன்டரப்டைக் கையாள்கிறது. பாக்கெட் பிரிட்ஜைக் கடந்து, அந்த வி.எம்.முக்கான டாப் இடைமுகத்தின் வரிசையில் போய் நிற்கிறது. அங்கிருந்து அதை எடுத்து வி.எம்.மின் நினைவகத்தில் நகலெடுத்து வைப்பது விஹோஸ்ட் என்ற கெர்னல் இழை. வைத்த பிறகு வி.எம்.முக்கு ஓர் இன்டரப்ட் அனுப்புகிறது. வி-சிபியு எழுந்து, விர்ட்டியோ டிரைவரை ஓட்டி, டிசிபி வேலையை முடித்து, நிரலிடம் தரவைக் கொடுக்கிறது.

ஒரே பாக்கெட்டுக்கு மூன்று இடங்களில் சிபியு செலவாகிறது: ஹோஸ்டின் இன்டரப்ட் வேலை, விஹோஸ்ட் இழை, வி-சிபியு. ஒதுக்கீட்டுத் தாளில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். முதல் இரண்டும் ஹோஸ்டின் பொதுக் கணக்கில் போகின்றன. அதனால்தான் 32 கோர் உள்ள ஹோஸ்டில் 32 கோரையும் வி.எம்.களுக்குப் பங்குபோட்டுவிட்டு, ஒன்றுமே மிகையாக ஒதுக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்க முடிகிறது.

விஹோஸ்ட் 2010-இல் லினக்ஸ் 2.6.34 பதிப்போடு வந்தது. அதற்கு முன் இந்த நகலெடுக்கும் வேலையை, வி.எம்.மை ஓட்டும் கியூஇஎம்யூ நிரலே செய்தது. ஒவ்வொரு கொத்து பாக்கெட்டுக்கும் கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையே போய்வர வேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. நகலெடுக்கும் செலவு மட்டும் அப்படியே இருக்கிறது, தனி இழையாக. பெரிய கோப்பு ஒன்று வி.எம்.முக்குள் இறங்கும்போது ஹோஸ்டில் டாப் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். விஹோஸ்ட் என்ற பெயரோடு, பின்னால் ஓர் எண்ணும் சேர்ந்த இழை ஒரு கோரில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும். (பாக்கெட் வரிசையில் நிற்கும் டாப் இடைமுகம், திரையில் ஓடும் டாப் கட்டளை என்று பெயர்கள் குழப்பும். இனி இடைமுகத்தை விநெட் என்றே சொல்கிறேன். ஹோஸ்டில் அதற்கு விநெட்0, விநெட்1 என்றுதான் பெயர் இருக்கும்.)

ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம்

10 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் 1500 பைட் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால், ஈதர்நெட்டின் தலைப்பும் இடைவெளியும் சேர்ந்து ஒவ்வொன்றும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். நொடிக்கு ஏறத்தாழ 8,12,000 பாக்கெட். ஒன்றுக்குக் கிடைப்பது 1.23 மைக்ரோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது சுமார் 3,700 சுழற்சி. பாக்கெட் 64 பைட்டாகச் சுருங்கினால் நொடிக்கு 1.488 கோடி, ஒன்றுக்கு 67.2 நானோநொடி, அதாவது 200 சுழற்சி. டிஎன்எஸ் சேவையகமும் குரல் அழைப்புச் சேவையகமும் கோப்புச் சேவையகத்தைவிடக் குறைந்த மெகாபிட்டிலேயே மூச்சுத்திணறுவது இதனால்தான். சிபியுவுக்குப் பைட் கணக்கு பெரிதில்லை, பாக்கெட் கணக்குதான் பாரம்.

நடைமுறையில் ஜிஆர்ஓ, டிஎஸ்ஓ போன்ற வசதிகள் பல பாக்கெட்டுகளை 64 கிலோபைட் வரை ஒரே துண்டாகச் சேர்த்துவிடுவதால் டிசிபி தப்பிக்கிறது. யாராவது பிழை தேடும்போது இவற்றை அணைத்துவிட்டு மறந்துபோனால், அதே வி.எம். அதே கோர்களோடு பாதி வேகம்கூடத் தராமல் போகலாம். ஈத்டூல் கட்டளையால் அவை இயங்குகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. விர்ட்டியோ கார்டின் பெறும் வளையத்தில் வழக்கமாக 256 இடம். அதற்கு முன்னால் விநெட் வரிசையில் 1000 இடம். பாக்கெட்டுகள் சேர்க்கப்படாமல் தனித்தனியாக வருகின்றன என்றால், இரண்டும் சேர்ந்து 1256 பாக்கெட்டைத் தாங்கும். 1 ஜிகாபிட் வேகத்தில் அது நிரம்ப 15 மில்லிநொடி. 10 ஜிகாபிட்டில் ஒன்றரை மில்லிநொடி. வி-சிபியு அதற்கு மேல் கோர் கிடைக்காமல் காத்திருந்தால் வருவதெல்லாம் கொட்டிப்போகும். ஸென் என்ற ஹைப்பர்வைசரின் பழைய கிரெடிட் ஷெட்யூலரில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரத்துண்டே 30 மில்லிநொடி. உங்கள் வி-சிபியுவுக்கு முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஒரு அண்டை வி.எம். போதும்.

பாக்கெட் கொட்டாவிட்டாலும் தாமதம் தன் வேலையைக் காட்டும். டிசிபியின் வேகம் என்பது சாளர அளவை போய்வரும் நேரத்தால் வகுத்தால் வருவது. 64 கிலோபைட் சாளரம், 0.2 மில்லிநொடி என்றால் 2.6 ஜிகாபிட். சாளரம் விரியாமல் நின்று, போய்வரும் நேரம் 30 மில்லிநொடியானால் 17 மெகாபிட்தான். வழியில் எந்த ஸ்விட்சும் மாறவில்லை, எந்த கேபிளும் பழுதில்லை.

ரைஸ் பல்கலைக்கழகத்தின் அளவீடு

இதைப் பொதுவெளியில் முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் குவோஹுய் வாங், யூஜின் எங் இருவரும் முக்கியமானவர்கள். அமேசான் இசி2 சேவையில் சிறிய வி.எம்.களை எடுத்து அளந்து, 2010-இல் இன்ஃபோகாம் மாநாட்டில் வெளியிட்டார்கள். அப்போது இசி2 ஓடியது ஸென்னின் மேல். சிறிய வகை வி.எம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரில் 40 முதல் 50 சதவீதம்தான் கிடைத்தது. நெட்வொர்க்கில் நெரிசல் இல்லை. ஆனாலும் பத்துப் பத்து மில்லிநொடியாக உற்றுப் பார்த்தபோது வேகம் 1 ஜிகாபிட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே மாறிமாறித் துள்ளியது. வி.எம்.முக்குக் கோர் கிடைத்தபோது முழு வேகம். பறிபோனபோது ஒன்றுமே இல்லை.

ஒரு நிமிடச் சராசரி எடுத்தால் இது தெரியாது. கண்காணிப்புத் திரையில் 'சராசரி 480 மெகாபிட்' என்று ஒரு அமைதியான கோடு போகும். சராசரியை மட்டும் வைத்து நெட்வொர்க் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்பதில்லை. குறைந்தது ஒரு நொடி இடைவெளியில் அளவு வேண்டும். கூடவே பிங்கின் அதிகபட்ச மதிப்பையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். ஷெட்யூலர்கள் பொதுவாகத் தூங்கி எழுபவருக்கு முன்னுரிமை தருகின்றன. நெட்வொர்க் வேலை மட்டும் செய்யும் வி.எம். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பதால் பாக்கெட் வந்ததும் உடனே எழுப்பப்படும். அதே வி.எம்.மில் அறிக்கை தயாரிக்கும் கனமான வேலையும் ஓடினால் அந்தச் சலுகை போய்விடும். தன் பங்கைத் தின்று தீர்த்தவராக வரிசையில் பின்னால் நிற்கும். இணையச் சேவையகத்தையும் இரவு முழுக்க ஓடும் கணக்கு நிரலையும் ஒரே வி.எம்.மில் வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதிய காரணம்.

கோர் கூடினால் ஏன் மெதுவாகிறது

வி.எம்.முக்குள் ஒரு வரிசையின் இன்டரப்ட் குறிப்பிட்ட ஒரு வி-சிபியுவுக்குத்தான் போகும். நான்கு வி-சிபியு இருந்து, இன்டரப்ட் மூன்றாவதுக்கு என்று அமைந்திருந்தால், முதலாவது சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. மூன்றாவதுக்குக் கோர் கிடைக்கும்வரை பாக்கெட் காத்திருக்கும். ஹோஸ்டில் இடம் இருக்கும்போது இது கண்ணில் படாது. ஹோஸ்ட் நிரம்பியிருக்கும்போது நான்கை எட்டாக்கினால், கோருக்காகப் போட்டியிடுபவர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவரின் காத்திருப்பும் நீள்கிறது. எல்லா வி.எம்.களுக்கும் இப்படியே தாராளம் காட்டினால் முதலில் அடிவாங்குவது நெட்வொர்க்தான். கணக்கு வேலை பத்து மில்லிநொடி தாமதமானால் யாரும் கவனிப்பதில்லை.

பூட்டுத் தொல்லையும் உண்டு. ஒரு வி-சிபியு கெர்னலுக்குள் ஸ்பின் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் அதனிடமிருந்து கோர் பறிக்கப்பட்டால், அதே பூட்டுக்காக நிற்கும் மற்ற வி-சிபியுக்கள் வெறுமனே சுற்றிக்கொண்டு கோரை வீணாக்கும். இப்போதைய கெர்னல்களும் சிபியுக்களும் இதை ஓரளவு கண்டுபிடித்துத் தவிர்க்கின்றன, முழுக்க அல்ல.

விஎம்வேரில் இதற்கு வேறு முகம். பழைய இஎஸ்எக்ஸ் 2 காலத்தில் ஒரு வி.எம்.மின் எல்லா வி-சிபியுக்களுக்கும் ஒரே நேரத்தில் கோர் கிடைத்தால்தான் அது ஓடும். இரண்டு வேண்டுமென்றால் இரண்டும் காலியாக வேண்டும். இஎஸ்எக்ஸ் 3 முதல் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் ஒரு வி-சிபியு மற்றவற்றைவிட மிக முன்னால் ஓடிவிட்டால் அதை நிறுத்திவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நிறுத்தப்படுவது இன்டரப்டைக் கையாளும் வி-சிபியுவாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே பார்ப்பது

வி.எம்.முக்குள் டாப் கட்டளையின் சிபியு வரியில் கடைசியாக 'எஸ்டி' என்று ஒரு எண் இருக்கும். வி-சிபியு ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் கோர் தராத நேரத்தின் சதவீதம் அது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. நெட்வொர்க் புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லா வி-சிபியுவின் சராசரியாகப் பார்க்காமல் எம்பிஸ்டாட் கட்டளையால் தனித்தனியாகப் பாருங்கள்: எட்டில் ஒன்று மட்டும் 30 சதவீதம் காத்திருந்தால் சராசரியில் அது 4-க்கும் கீழே பதுங்கிவிடும்.

இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில் இஎஸ்எக்ஸ்டாப் காட்டும் 'ஆர்டிஒய்' எண் இதற்கு நிகரானது. வி.எம். அளவில் அது எல்லா வி-சிபியுவின் கூட்டுத்தொகை. வி-சிபியு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விசென்டர் வரைபடத்தில் அதே செய்தி மில்லிநொடியில் வரும்; நிகழ்நேர வரைபடத்தின் இடைவெளி 20 நொடி என்பதால் 20,000-ஆல் வகுக்க வேண்டும். 8 வி-சிபியு வி.எம். 6,400 மில்லிநொடி காட்டினால் 32 சதவீதம், ஒன்றுக்கு 4 சதவீதம். ஒன்றுக்கு 5-ஐத் தாண்டினால் கவனியுங்கள். 10-ஐத் தாண்டினால் நெட்வொர்க் குழுவைத் தொந்தரவு செய்யாமல் ஒதுக்கீட்டைத் திருத்துங்கள். பக்கத்தில் இருக்கும் 'சிஎஸ்டிபி' எண், மேலே சொன்ன நிறுத்திவைப்பு நேரம். அது ஏறினால் வி-சிபியுவைக் குறைப்பதுதான் மருந்து.

கேவிஎம் ஹோஸ்டில் விநெட் இடைமுகத்தின் புள்ளிவிவரத்தை ஐபி கட்டளையால் எடுத்து, 'டிஎக்ஸ்' வரியில் கொட்டிய பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஹோஸ்ட் அனுப்புவதுதான் வி.எம். பெறுவது, ஆகவே வி.எம். வாங்கத் தவறியவை ஹோஸ்டின் அனுப்பும் பக்கத்தில் பதிவாகும். வி.எம்.முக்குள் மட்டும் தேடுபவர்களுக்கு இது கிடைக்காது. வி.எம்.முக்குள் பார்க்க வேண்டியது ப்ராக் கோப்புறையில் உள்ள சாஃப்ட்நெட்-ஸ்டாட் கோப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு சிபியு. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். இரண்டாவது நெடுவரிசை கொட்டியவை, மூன்றாவது வேலை முடியாமல் நேரம் தீர்ந்துபோன தடவைகள்.

சோதிக்கும் கருவியையும் சந்தேகியுங்கள். ஐபெர்ஃப்3 தன் 3.16 பதிப்பு வரும்வரை ஒரே இழையில்தான் ஓடியது; எத்தனை இணைப்பு திறந்தாலும் ஒரே கோர்தான். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு 'எட்டு கோர் கொடுத்தும் வேகம் ஏறவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

என்ன செய்வது

முதலில் குறையுங்கள். வி.எம். ஒரு வாரம் முழுக்க அதிகபட்சம் எத்தனை கோரைப் பயன்படுத்தியது என்று பார்த்து, மிகையை எடுத்துவிடுங்கள். பயன்பாட்டு உரிமையாளர்கள் கோபப்படுவார்கள். குறைத்த பிறகு வந்த எஸ்டி எண்ணைக் காட்டுங்கள், விவாதம் சுருங்கும்.

அடுத்து ஹோஸ்டுக்கென்று கோர்களை ஒதுக்கி வையுங்கள். கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் வி-சிபியுக்களை ஒரு கோர் கூட்டத்திலும், கியூஇஎம்யூவின் மற்ற வேலைகளைச் செய்யும் எமுலேட்டர் இழைகளை வேறு கூட்டத்திலும் கட்டலாம். விஹோஸ்ட் இழைகள் எமுலேட்டர் கூட்டத்தோடுதான் போகும். வி-சிபியுவை அழகாகக் கட்டிவிட்டு எமுலேட்டரைக் கட்டாமல் விட்டால், விஹோஸ்ட் வந்து அதே வி-சிபியுவின் கோரில் உட்காரலாம். பாக்கெட்டைக் கொண்டுவருபவரும் வாங்குபவரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். கட்டும்போது எல்எஸ்-சிபியு கட்டளையால் எந்த இரண்டு எண்கள் ஒரே கோரின் ஹைப்பர்த்ரெட் இணை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூமா கணுவையும், அதாவது எந்த கோர்களுக்கு எந்த நினைவகம் அருகில் என்ற பிரிவையும், பாருங்கள். நெட்வொர்க் கார்டு எந்தக் கணுவில் செருகப்பட்டிருக்கிறது என்பது சிஸ் கோப்புறையில் அந்தக் கார்டின் கீழே நூமா-நோட் கோப்பில் இருக்கும். வி.எம்., அதன் நினைவகம், விஹோஸ்ட் மூன்றும் அதே கணுவில் இருப்பது நல்லது.

பல வரிசை வசதி அதற்குப் பிறகுதான். விர்ட்டியோ கார்டுக்கு இயல்பாக ஒரே ஒரு வரிசை இணை. லிப்விர்ட் அமைப்பில் 4 என்று கொடுத்தால் இன்டரப்டுகள் நான்கு வி-சிபியுக்களுக்குப் பிரியும். பழைய கெர்னல் என்றால் வி.எம்.முக்குள் ஈத்டூலால் கையாலும் இயக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு இணைப்புகளை ஏற்கும் சேவையகத்துக்கு இது பெரிய வரம். ஒரே கோப்பை ஒரே இணைப்பில் இறக்குபவருக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் ஒரு டிசிபி இணைப்பு எப்போதும் ஒரே வரிசையில்தான் விழும். செலவையும் மறக்க வேண்டாம்: ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு விஹோஸ்ட் இழை. 4 வி-சிபியு, 4 வரிசை கொண்ட வி.எம். முழு வேகத்தில் ஹோஸ்டிடம் 8 கோர் வரை கேட்கும்.

வரம்பு போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'இந்த வி.எம்.முக்கு அரை கோர் போதும்' என்று ஒதுக்கீட்டு வரம்பு வைத்தால், லிப்விர்ட்டின் இயல்பான காலவட்டம் 100 மில்லிநொடி. வேலை மும்முரமான வி-சிபியு முதல் 50 மில்லிநொடி ஓடிவிட்டு மீதி 50 மில்லிநொடி கட்டிப்போடப்படும். ரைஸ் அளவீட்டில் கண்ட அதே துள்ளல்தான். காலவட்டத்தை 10 மில்லிநொடியாகவும் பங்கை 5 மில்லிநொடியாகவும் மாற்றினால் மொத்த சிபியு அதே அரை கோர்தான், மௌனம் மட்டும் 5 மில்லிநொடியாகச் சுருங்கும். ஷெட்யூலருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, தாங்கக்கூடியதே. எமுலேட்டருக்கு வைக்கும் வரம்பு தனி. அதைக் குறைத்தால் விஹோஸ்டின் கழுத்தை நெரிக்கிறீர்கள், வி.எம்.முக்குள் எஸ்டி பூஜ்யமாக இருந்தும் வேகம் வராது. மணிக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

கார்டின் ஒரு பகுதியை வி.எம்.முக்கு நேரடியாகத் தரும் எஸ்ஆர்-ஐஓவி வாங்கினால் இவையெல்லாம் தீரும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. விஹோஸ்டின் நகலெடுப்பு நிச்சயம் போகும். வி-சிபியுவுக்குக் கோர் கிடைக்காவிட்டால் பாக்கெட் கார்டின் வளையத்திலேயே காத்திருக்கும், அவ்வளவே. கெர்னலைத் தவிர்த்து பாக்கெட்டுகளைக் கையாளும் டிபிடிகே இன்னும் கண்டிப்பானது: அதன் இழைகள் பாக்கெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோரை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். பகிர்ந்த கோரில் அதை ஓடவிடுவது இரண்டு பக்கமும் நட்டம்.

கோர்களைக் கட்டிவைத்த வி.எம்.மை வேறு ஹோஸ்டுக்கு ஓடும் நிலையிலேயே நகர்த்துவதாக இருந்தால், போகும் இடத்தின் எண் வரிசையை முதலில் பாருங்கள். ஒரு ஹோஸ்டில் 0-உம் 1-உம் ஹைப்பர்த்ரெட் இணையாக இருக்கும். இன்னொன்றில் 0-உம் 16-உம் இணை, 1 வேறு கோர். கட்டு எண்ணாகத்தான் போகும், பொருள் மாறிவிடும். நகர்த்தியதும் விர்ஷ் கருவியில் வி-சிபியு கட்டையும் எமுலேட்டர் கட்டையும் ஒருமுறை சரிபார்த்து, ஐந்து நிமிடம் எஸ்டியையும் விநெட் கொட்டலையும் பார்த்த பிறகே பழைய ஹோஸ்டைப் பராமரிப்புக்கு எடுங்கள்.